கட்லெட் கேட்டாங்க, நான் குடுத்தது போண்டாவா?

கெடிலக்கரை | வியாழன், மாலை 4.20

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டுலயே சாயங்கால டிபன் போட்டுக் குடுக்கிறேன். நாலு வருஷமா ஓடுது. வாழைக்காய் பஜ்ஜி, மசால் வடை, போண்டா தினமும் உண்டு. கட்லெட் வாரத்துல ரெண்டு நாள்.

போன ஞாயித்துக்கிழமை பாண்டி முத்தியால்பேட்டையில ஒரு வீட்டு விசேஷத்துக்கு 120 வெஜிடபிள் கட்லெட் கேட்டிருந்தாங்க. சுத்த சைவம், முட்டை வாசனையே ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. முட்டை இல்லாம ரொட்டித்தூள் பூசினா எனக்கு எண்ணெயில பிரிஞ்சுடும். ஏற்கெனவே ரெண்டு தடவை சட்டி முழுக்கக் கருந்தூளா மிதந்து, ஒரு லிட்டர் எண்ணெயைக் கொட்டியிருக்கேன். அதனால உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாத்தையும் வேகவெச்சு மசிச்சுத் தட்டி, கடலைமாவும் அரிசிமாவும் கரைச்சு அதுல முக்கிப் பொரிச்சேன். ஒண்ணுகூட உடையல. தூக்குல அடுக்கி மூடி, பஸ் ஏறி நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.

அந்த வீட்டுப் பாட்டியம்மா ஒண்ணை எடுத்துப் பிட்டுப் பாத்தாங்க. "இது கட்லெட் இல்லம்மா, தட்டின போண்டா"ன்னாங்க. கோபமா சொல்லல, மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனா அவங்க மகன் பேசின காசுல மூணுல ஒரு பங்கைக் குறைச்சுட்டார். காசு போனதை விட அந்த வார்த்தைதான் மனசுல நிக்குது. உள்ள இருக்கிறது அதே மசாலாதானே? பக்கத்துல நின்ன பேரப்பிள்ளை "இதை ஃபிரிட்டர்னு சொல்லலாம் ஆன்ட்டி"ன்னான். ஃபிரிட்டர்னா பஜ்ஜிதானேன்னு கேட்டேன், ஆமான்னான்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். கட்லெட்டுக்கும் பஜ்ஜி, போண்டா வகைக்கும் எல்லை எங்க இருக்கு? முட்டை இல்லாம கட்லெட் உடையாம வர என்ன செய்யணும்? அடுத்த மாசம் இன்னொரு ஆர்டர் இருக்கு, தப்பா குடுக்க விரும்பல.

தேவனாம்பட்டினம் | வியாழன், மாலை 4.41

அக்கா, பாட்டி சொன்னது சரிதான். கடலைமாவுல முக்கினா அது பஜ்ஜி ஜாதி. சில்வர் பீச்சுல எந்தத் தள்ளுவண்டியில கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க.

புலியூர்க் குடும்பி | வியாழன், மாலை 5.05

நான் ஒத்துக்கமாட்டேன். சொன்ன நேரத்துக்கு, சொன்ன எண்ணிக்கை, சூடா கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. வந்தவங்க சாப்பிட்டுத் தீர்த்திருப்பாங்க, ஒண்ணும் திரும்பி வந்திருக்காது. அப்புறம் பேரைச் சொல்லிக் காசைப் பிடிக்கிறது நியாயமா? வீட்டுல உழைக்கிற பொம்பளைங்ககிட்டதான் இந்தக் கணக்கெல்லாம் வருது. தங்கச்சி, நீங்க அந்த மீதிக் காசைக் கேட்டு வாங்குங்க.

கெடிலக்கரை | வியாழன், மாலை 5.18

அண்ணே, உங்க அக்கறைக்கு நன்றி. எல்லாமே தீர்ந்துபோச்சு, உண்மைதான். ஆனா நான் கட்லெட்னு சொல்லித்தானே ஆர்டர் எடுத்தேன். அது கட்லெட் இல்லன்னா தப்பு என்மேலதான். அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்.

குருசுக்குப்பம் | வியாழன், இரவு 8.30

கெடிலக்கரை அம்மாவுக்கு, புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். அந்தப் பாட்டியம்மா எந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் அம்மாச்சி இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் இந்த வார்த்தைகளை ஒன்றோடொன்று கலக்கவே மாட்டார்கள்.

அம்மாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் "கோத்லெத்". ஆட்டின் விலா எலும்போடு சேர்ந்த கறித்துண்டு, ஒரு துண்டுக்கு ஒரு எலும்பு. பிரெஞ்சில் கோத் என்றால் விலா. கோத்லெத் என்றால் சின்ன விலா. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் கட்லெட் ஆனது. வெட்டுவது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவு கிடையாது, காதுக்கு அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். அம்மாச்சி எலும்பின் நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார், கையில் பிடித்துச் சாப்பிட அதுதான் காம்பு. மிளகும் பூண்டும் தடவி, முட்டையில் தோய்த்து, மிச்சமான நீள ரொட்டியைக் காயவைத்து உரலில் இடித்த தூளில் புரட்டுவார். எங்கள் ஊரில் ரொட்டி மிச்சமாகாத வீடு ஏது?

மாவில் தோய்த்துப் பொரிப்பதற்கு வேறு பெயர், "பெய்ஞே". வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி, மைதா, முட்டை, கொஞ்சம் சர்க்கரை சேர்த்த கரைசலில் முக்கிப் பொரித்தால் வாழைப்பழ பெய்ஞே. ஆங்கிலக்காரர் ஃபிரிட்டர் என்பது இதைத்தான். அந்த ஃபிரிட்டரும் பிரெஞ்சின் "ஃப்ரித்யூர்" என்ற சொல்லிலிருந்து போனதுதான், பொரியல் என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. மசித்த கிழங்கை உருட்டி ரொட்டித்தூள் பூசிப் பொரித்தால் பிரெஞ்சில் அது "க்ரோக்கெத்". கடித்தால் கறுக்கென்று சத்தம் வருகிற பண்டம் என்று அர்த்தம். இன்றைக்கு நாம் கட்லெட் என்று விற்கிற வெஜிடபிள் கட்லெட் உண்மையில் இந்த க்ரோக்கெத்தின் தங்கை. விலா எலும்பு எப்போதோ போய்விட்டது. தட்டையான வடிவமும், மேலே பூசும் ரொட்டித்தூளும், கட்லெட் என்ற பெயரும் மட்டும் நம்மோடு தங்கிவிட்டன. பழைய சமையல்காரர்கள் கைமாவை நீர்த்துளி மாதிரி ஒரு முனை கூராகப் பிடித்து, அந்த முனையில் ஒரு மக்ரோனித் துண்டைச் செருகி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். போன எலும்புக்கு அது அடையாளம்.

வீட்டறிவியல் டீச்சர் | வியாழன், இரவு 9.12

நல்ல பதிவு. நான் பள்ளியில் மனையியல் எடுத்தவள், பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சூத்திரம் சொல்லித்தருவேன். எண்ணெயில் போடும்போது உள்ளே இருப்பது வெந்திருந்தால் கட்லெட், வேகாமல் இருந்தால் ஃபிரிட்டர். கட்லெட்டில் கிழங்கு வெந்தது, எண்ணெய் மேல்தோலைச் சிவக்க வைத்தால் போதும். பஜ்ஜியில் வாழைக்காய் பச்சை. மாவுக் கவசத்துக்குள்ளே அதன் ஈரமே ஆவியாகி அதை வேகவைக்கிறது. பக்கோடாவில் வெங்காயம் பச்சை. இப்படிப் பார்த்தால் குழப்பமே இல்லை.

தேவனாம்பட்டினம் | வியாழன், இரவு 9.20

டீச்சர், உருளைக்கிழங்கு போண்டாவுக்குள்ள இருக்கிறதும் வெந்த மசாலாதானே? அது கட்லெட்டா?

மாஸ்கோ ரிட்டர்ன் | வியாழன், இரவு 9.47

ரஷ்யாவில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தேன். அங்கே மாணவர் உணவகத்தில் தினமும் "கத்லேத்த" இருக்கும். பச்சைக் கறியை அரைத்து, பாலில் ஊறவைத்த ரொட்டி, வெங்காயம் சேர்த்துத் தட்டி, சட்டியில் அப்படியே போடுவார்கள். உள்ளே பச்சைதான், சட்டியில்தான் வேகும். ஆனால் அதுவும் கட்லெட் குடும்பம்தான், பெயரே சொல்கிறது. நம்ம கோலா உருண்டையைக்கூட சில வீடுகளில் பச்சைக் கைமாவில் பிடிக்கிறார்கள், சில வீடுகளில் வதக்கி அரைத்துப் பிடிக்கிறார்கள். டீச்சர் சூத்திரத்தில் இது எங்கே விழும்?

வீட்டறிவியல் டீச்சர் | வியாழன், இரவு 10.03

போண்டாவை நான் நினைக்கவில்லை. யோசிக்கிறேன்.

சரக்கு மாஸ்டர் | வெள்ளி, காலை 6.15

பாப்பா, நான் நாற்பது வருஷம் ஓட்டல்ல சரக்கு மாஸ்டரா, அதாவது வடை, பஜ்ஜி மாதிரிப் பலகாரம் போடுறவனா இருந்தவன். விழுப்புரத்துல ஆரம்பிச்சு, கேரளாவுல காபி ஹவுஸ்ல கொஞ்ச வருஷம், கடைசியா பாண்டி. இப்ப வீட்டுல உக்காந்திருக்கேன். என் பேத்திதான் இதை டைப் பண்ணுது.

நான் வேலைக்குச் சேர்ந்தப்ப என் குரு ஒரு வார்த்தை சொன்னார், அதை வெச்சுத்தான் இன்னிக்கும் பாக்கிறேன். "மேல பூசினதை எடுத்துட்டுப் பாரு." கட்லெட் மேல இருக்கிற தூளை உதிர்த்துட்டாலும் அது கட்லெட்தான். தூளே இல்லாம தோசைக்கல்லுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டாலும் கட்லெட்தான், வீட்டுல பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. பஜ்ஜியில மாவை உரிச்சுட்டா என்ன மிஞ்சும்? வாழைக்காய். போண்டாவுல மாவை உரிச்சா மசாலா உருண்டை. அதை எண்ணெயில போட்டா கரைஞ்சுடும். அப்ப அங்க மாவுதான் ஆளு, மத்தது உள்ள இருக்கிற சரக்கு. கட்லெட்டுல தட்டின சரக்கே தன் கால்ல நிக்கணும். தூள் வெறும் சட்டை.

நீ பண்ணது என்னன்னா, தன் கால்ல நிக்காத சரக்கை மாவுக்குள்ள ஒளிச்சுட்ட. அந்தம்மா பிட்டுப் பாத்தாங்களே, மாவு ஒரு தோலா தனியா பிரிஞ்சு வந்திருக்கும், உள்ள மசாலா கொழகொழன்னு இருந்திருக்கும். கட்லெட்டைப் பிட்டா தோலும் சரக்கும் ஒண்ணாத்தான் உடையும். அதைப் பாத்துதான் சொல்லியிருக்காங்க. நாக்குல வைக்கறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சுடும்.

டீச்சரம்மா சொன்னதும் தப்பில்ல. பேர் வைக்கறதுக்கு உதவாது, அடுப்புக்கு உதவும். உள்ள பச்சையா இருந்தா தீ மிதமா இருக்கணும், இல்லேன்னா மேல கருகி உள்ள நறுக்குனு இருக்கும். உள்ள வெந்திருந்தா எண்ணெய் நல்லா காஞ்சிருக்கணும், ரெண்டு மூணு நிமிஷத்துல சிவந்து வெளிய வரணும். கட்லெட்டை மிதமான தீயில ஊறவெச்சா எண்ணெயைக் குடிச்சுட்டு அங்கயே பிரியும்.

இப்ப நீ சொல்லு. கிழங்கை எப்படி வேகவெச்ச?

கெடிலக்கரை | வெள்ளி, காலை 7.02

மாஸ்டர், நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. தோல் தனியா வந்துச்சு. நேர்ல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க.

கிழங்கைத் தோல் சீவி நறுக்கி, கேரட், பீன்ஸ், பட்டாணியோட ஒரே குக்கர்ல தண்ணி ஊத்தி நாலு விசில். வடிச்சுட்டு சூட்டோட மிக்ஸியில ஒரு சுத்து. நேரம் பத்தாது, 120 தட்டணும்.

சரக்கு மாஸ்டர் | வெள்ளி, காலை 7.40

அங்கதான் எல்லாம் போச்சு. முட்டை இல்லாததால உடையலம்மா, தண்ணியால உடைஞ்சுது.

கிழங்கைத் தோலோட முழுசா வேகவை. சீவி நறுக்கினா வெட்டின இடமெல்லாம் தண்ணி குடிக்கும். வெந்ததும் வடிச்சு, தட்டுல பரப்பி ஆவி போக விடு. சூடு குறைஞ்சதும் உரிச்சு, கையாலயோ மத்தாலயோ மசி. மிக்ஸி பக்கமே போகாதே, அடிச்சா கிழங்கு பசையாயிடும், பசை எண்ணெயில நிக்காது. கேரட், பீன்ஸைப் பொடியா நறுக்கி, தண்ணியில போடாம வாணலியில எண்ணெய் விட்டு ஈரம் சுண்டுற வரைக்கும் வதக்கு. பட்டாணியைத் தனியா வேகவெச்சு, துணியில ஒத்தி எடு. இஞ்சி, பச்சை மிளகாய், மல்லி, கரம் மசாலா எல்லாம் உன் கைப்பக்குவம். ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு பெரிய கைப்பிடி ரொட்டித்தூள், இல்லேன்னா அவலை வறுத்துப் பொடிச்சுப் போட்டுப் பிசை. உருண்டை பிடிச்சு உள்ளங்கையில அமுக்கிப் பாரு. ஓரம் வெடிக்காம இருந்தா சரி. வெடிச்சா இன்னும் கொஞ்சம் தூள். கையில ஒட்டினா இன்னும் ஆறணும்.

முட்டைக்குப் பதிலா மைதா மூணு பங்கு, சோளமாவு ஒரு பங்கு, உப்பு, மோர் பதத்துக்குக் கரை. பதம் ரொம்ப முக்கியம். பஜ்ஜிக்கு விரல்ல எடுத்தா கெட்டியா ஒட்டணும். கட்லெட்டுக்கு விரல்ல எடுத்தா வழிஞ்சு ஓடணும், விரல் நிறம் தெரியணும். அது தூளை ஒட்டவைக்கிற பசை, அவ்வளவுதான். முக்கி, தூள்ல புரட்டி, லேசா அமுக்கி, தட்டுல அடுக்கி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வை. எண்ணெயில ஒரு துளித் தூளைப் போட்டா உடனே பொரிஞ்சு மேல வரணும். சட்டியில இடம் விட்டு நாலு நாலா போடு. ஜல்லிக்கரண்டியால உடனே கிளறாதே. கொதிக்கிற சத்தத்தைக் கேளு. முதல்ல பெரிசா சலசலக்கும், ஈரம் வெளிய போற சத்தம் அது. சத்தம் அடங்க ஆரம்பிச்சதும் திருப்பு.

முதல்ல ஒரு கிலோல பண்ணிப் பாத்துட்டு எழுது.

யாழ்வழி | வெள்ளி, முற்பகல் 11.25

மாஸ்டர் ஐயா சொன்னது எங்கட பக்கத்துக்கும் பொருந்துது. இலங்கையில கட்லட் எண்டா உருண்டை. தேசிக்காய் (எலுமிச்சை) அளவு. உள்ளுக்கு ரின்னில (டின்) அடைச்ச மீனும் உருளைக்கிழங்கும், மிளகு கொஞ்சம் தூக்கலா. மேலால முட்டையும் ரொட்டித்தூளும். தட்டையா இருந்தாத்தான் கட்லட் எண்டு இங்க சிலர் நினைக்கினம், அப்பிடி இல்லை. அதே மீன்கறியை மெல்லிய அப்பம் மாதிரித் தோசையில வைச்சுச் சுருட்டி, ரொட்டித்தூள் பூசிப் பொரிச்சா அது ரோல்ஸ். ரெண்டுக்கும் மேல ஒரே தூள், உள்ளுக்கு ஒரே கறி. ஆனா ரோல்ஸில அந்தச் சுற்றின மாத்தான் பிடிச்சு நிக்குது. மேல பூசினதை எடுத்துப் பாக்கிற கணக்கு இங்கயும் சரி வருது.

ஹௌரா 12 வருஷம் | வெள்ளி, பிற்பகல் 1.10

ஆனால் ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. வங்கி வேலையில் 12 வருஷம் கொல்கத்தாவில் இருந்தேன். அங்கே உருளைக்கிழங்கு மசாலாவைத் தட்டையாக்கிக் கடலைமாவில் முக்கிப் பொரித்து "ஆலுர் சாப்" என்று சாயங்காலம் மூலைக்கு மூலை விற்பார்கள், பொரியோடு சாப்பிட. கெடிலக்கரை அம்மா செய்தது அச்சு அசல் அதுதான். வாழைப்பூவில் செய்யும் "மோச்சார் சாப்"புக்கு ரொட்டித்தூள் பூசுகிறார்கள், அதற்கும் சாப் என்றே பெயர். சாப் என்பதும் ஆங்கிலத்தில் எலும்போடு வெட்டிய கறித்துண்டுதான்! கத்தரிக்காயை மாவில் முக்கினால் மட்டும் "பேகுனி" என்று தனிப்பெயர். முத்தியால்பேட்டையில் போண்டா என்று குறை கேட்டது, அங்கே குறையில்லாமல் விற்றிருக்கும். அந்த அம்மா மனம் உடைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரக்கு மாஸ்டர் | வெள்ளி, பிற்பகல் 2.00

தம்பி சொல்றது சரி. ஆனா ஆர்டர் எடுத்த ஊர் பாண்டி.

கோதுமை இல்லா வீடு | வெள்ளி, மாலை 3.35

நான் வேறு காரணத்துக்காக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஒரு துளிகூட ஆகாது. எங்களுக்குக் கட்லெட்டா பஜ்ஜியா என்பது ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி. கடலைமாவும் அரிசிமாவும் மட்டும் போட்ட பஜ்ஜியை அவன் சாப்பிடலாம். ரொட்டித்தூள் பூசிய கட்லெட்டை வாயில் வைக்க முடியாது. விற்பவர்கள் இரண்டையும் மாற்றிப் பெயர் சொன்னால் எங்கள் பிள்ளைக்கு அன்று இரவு முழுக்க வயிற்றுவலி.

தயவுசெய்து இரண்டு விஷயம் கவனியுங்கள். பஜ்ஜி மாவில் போடும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்தால் தெரியும். கட்லெட் பொரித்த அதே எண்ணெயில் பஜ்ஜி போட்டால், அதில் உதிர்ந்த ரொட்டித்தூள் பஜ்ஜியில் ஒட்டும். எங்களைப் போன்றவர்கள் கேட்டால் தனிச் சட்டியில் போட்டுக் கொடுங்கள்.

கெடிலக்கரை | வெள்ளி, மாலை 3.58

அம்மா, பெருங்காயத்துல மைதா இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பதான் டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், எழுதியிருக்கு. இனிமே பஜ்ஜிக்குத் தனிச் சட்டிதான். உங்க பையன் கடலூர் பக்கம் வந்தா சொல்லுங்க, பெருங்காயம் போடாம ஓமம் மட்டும் போட்டுக் கரைச்சுத் தர்றேன்.

திண்டிவனத்தார் | வெள்ளி, மாலை 4.30

அதே எண்ணெய் விஷயம் சைவக்காரர்களுக்கும் பொருந்தும். முட்டை பூசின வெஜிடபிள் கட்லெட்டை உள்ளே காய்கறிதானே என்று சைவமாக விற்கிறார்கள். நம் நாட்டுப் பாக்கெட் விதிப்படி முட்டை சேர்ந்தால் பச்சைப் புள்ளி போட முடியாது. தட்டில் வைத்து விற்பவரும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பண்ருட்டித் தோப்பு | வெள்ளி, இரவு 7.50

கிழங்கையே எல்லாரும் பேசறீங்க. எங்க பக்கம் பலாக்கொட்டையில கட்லெட் பண்ணுவோம். பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையைக் காயவெச்சு மணல்ல புதைச்சு வெச்சிருப்பாங்க அம்மா. வேகவெச்சு, வெள்ளைத் தோலை உரிச்சு, அம்மியில தட்டினா கிழங்கை விட மாவா வரும், தண்ணியே விடாது. ரொட்டித்தூளே வேண்டாம், கல்லுல போட்டா தானே நிக்கும். மாஸ்டர் சொன்ன "தன் கால்ல நிக்கணும்"கிறதுக்கு இதை விட நல்ல சரக்கு எனக்குத் தெரியல.

பலா மூசையும், அதான் பிஞ்சுப் பலாக்காயையும், மசிச்சுப் பண்ணலாம், ஆனா நார் நாரா இருக்கிறதால அதுக்கு முக்கிப் பொரிக்கிற பக்குவம்தான் நல்லாருக்கும். ஒரே மரத்துக் காய், மூசா இருக்கிறப்ப பஜ்ஜிக்கும், பழுத்த பிறகு கொட்டை கட்லெட்டுக்கும் ஆகுது. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்ப எங்க தோப்புல பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் அம்மா இந்தக் கட்லெட்டே பண்ணல, கொட்டை ஏது? இப்ப வெச்ச கன்னு காய்க்குது.

பழையநகர் துறை | சனி, காலை 8.05

மீன் கட்லெட் பத்தியும் சொல்லிடறேன், எங்க கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்காரங்க கணக்குல. சூரை மீன்தான் இதுக்கு. விலை கம்மி, சதை கெட்டி, முள் எடுக்க லேசு. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவெச்சு உதிர்க்கணும். சுறாப் புட்டுக்கு உதிர்க்கிற மாதிரியேதான். உண்மையில முதல் நாள் புட்டு மிஞ்சினா மறுநாள் எங்க வீட்டுல அதுல பாதிக் கிழங்கு போட்டுப் பிசைஞ்சு கட்லெட். வஞ்சரத்தை இதுக்கு அரைக்கிறது பாவம், அதைத் துண்டாவே வறுக்கணும்.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்ப பெரிய மீன் வரத்து குறையும். உப்பனாத்து இறாலும், சென்னாக்கூனிங்கிற காஞ்ச பொடி இறாலும்தான் கை குடுக்கும். கூனியை வெங்காயத்தோட கடலைமாவுல பிசைஞ்சு கிள்ளிப் போட்டா பக்கோடா. தண்ணி தெளிக்கக் கூடாது, உப்பு பட்ட வெங்காயம் விடுற தண்ணியே மாவை நனைச்சுக்கும். அதைக் கட்லெட்டா தட்ட முடியாது, பிடிச்சு நிக்க உள்ள ஒண்ணும் இல்ல. எங்க ஆத்தா இந்த வித்தியாசத்தையெல்லாம் வார்த்தையில சொன்னதில்ல, மீனைப் பாத்ததும் எந்தச் சட்டியை எடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

வீட்டறிவியல் டீச்சர் | சனி, காலை 9.30

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். மாஸ்டர் ஐயாவின் சோதனையை ஏற்றுக்கொள்கிறேன், என் சூத்திரம் போண்டாவில் தோற்றுவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. மசால் வடைக்கு மேலே பூச்சே இல்லை. உரிக்க ஒன்றும் இல்லை, தன் காலில் நிற்கிறது. அப்படியானால் வடை கட்லெட்டா?

சரக்கு மாஸ்டர் | சனி, காலை 10.10

வடை வடைதான் டீச்சரம்மா. அதுல சரக்கும் மாவும் வேற வேற இல்ல, ஊறவெச்சு அரைச்ச பருப்பு எண்ணெயிலதான் வெந்து இறுகுது. வெள்ளைக்காரன் அதையும் சேர்த்து ஃபிரிட்டர்னு ஒரே மூட்டையில கட்டிட்டான். வாழைக்காயை முக்கினாலும் ஃபிரிட்டர், சோளத்தை மாவுல கலந்து ஊத்தினாலும் ஃபிரிட்டர். நமக்குப் பஜ்ஜி, போண்டா, பக்கோடா, வடைன்னு நாலு பேர் இருக்கு, நாலுக்கும் கைப்பக்குவம் வேற. பாப்பா, மெனு கார்டு அடிச்சா ஃபிரிட்டர்னு போடாதே. எது பண்றியோ அந்தப் பேரைப் போடு.

குருசுக்குப்பம் | சனி, பிற்பகல் 12.20

மாஸ்டர் ஐயா, கேரளத்து காபி ஹவுஸில் வேலை பார்த்தேன் என்றீர்களே, அந்தச் சிவப்புக் கட்லெட் எப்படி? எங்கள் நேரு வீதி காபி ஹவுஸில் உட்கார்ந்து அதைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்.

சரக்கு மாஸ்டர் | சனி, பிற்பகல் 1.05

பீட்ரூட்டும்மா. துருவி, வதக்கி, ஈரம் சுண்டினதும் கிழங்கோட சேர்ப்போம். காபி போர்டு கடைகளை மூடி ஆளுங்களை வெளிய அனுப்பினப்ப, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.ஜி. (ஏ.கே. கோபாலன்) முன்ன நின்னு தொழிலாளிங்களே சேர்ந்து சங்கம் ஆரம்பிச்சாங்க. கேரளாவுல முதல் கடை 1958-ல திருச்சூர்ல. நான் போனது ரொம்பப் பின்னாடி. பீட்ரூட்டுல தண்ணி ஜாஸ்தி, சுண்டவைக்காம போட்டா தூளெல்லாம் சிவந்து நமுத்துடும். ஒரு நாள் அவசரத்துல அப்படிப் போட்டு, பெரிய மாஸ்டர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். அன்னிக்குக் கத்துக்கிட்டதைத்தான் இந்தப் பாப்பாவுக்குச் சொன்னேன்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 8.45

மாஸ்டர், இன்னிக்குப் பண்ணிட்டேன். ஒரு கிலோ கிழங்கு. நீங்க சொன்னபடியே தோலோட வேகவெச்சு, ஆறவெச்சு, கையால மசிச்சேன். 20 வந்துச்சு. மைதாவை முதல்ல கெட்டியா கரைச்சுட்டேன், விரலை விட்டுப் பாத்து இன்னும் தண்ணி விட்டேன். முதல் நாலைப் போட்டுட்டுக் கரண்டியைக் கீழ வெச்சுட்டு நின்னேன். சலசலன்னு இருந்தது, கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. திருப்பினேன், அடியில பொன்னிறம், ஒரு கீறல் இல்ல. எண்ணெயில தூளே மிதக்கல மாஸ்டர். 20-ம் முழுசா வந்துச்சு.

ஒண்ணைப் பிட்டுப் பாத்தேன். தோலும் சரக்கும் ஒண்ணாவே உடைஞ்சுது.

மூணு கட்லெட்டைத் தூக்குல மூடி வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொறந்தேன். மேல்தோல் நமுத்துப் போச்சு. பாண்டி வரைக்கும் பஸ்ல போனா இதேதானே ஆகும்? அதுக்கு என்ன வழி?

சரக்கு மாஸ்டர் | ஞாயிறு, இரவு 9.15

ரொம்ப சந்தோஷம்மா. பேத்தி படிச்சுக் காட்டினப்ப கண்ணு கலங்கிடுச்சு.

சூட்டோட மூடாதே, ஆவி உள்ளயே தண்ணியாகித் தூளை நனைக்கும். இங்கேயே முக்கால் பதம் பொரிச்சு, கம்பித் தட்டுல நல்லா ஆறவை. மூங்கில் கூடையில வெள்ளைத் துணி விரிச்சு ஒரே அடுக்கா வெச்சு எடுத்துட்டுப் போ, பேப்பர் போடாதே, மை ஒட்டும். அவங்க வீட்டுல ஒரு சட்டி எண்ணெய் கேட்டு வாங்கிப் பரிமாறுறதுக்கு முன்னாடி நல்ல தீயில ஒரு நிமிஷம் போட்டு எடு. எண்ணெய்ச் செலவை முன்னாடியே பேசிக்கோ.

புலியூர்க் குடும்பி | ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, அடுத்த ஆர்டருக்கு முழுக் காசையும் முன்பணமா வாங்கிடுங்க. நான் இன்னும் அதைத்தான் சொல்லுவேன்.

கெடிலக்கரை | திங்கள், மாலை 5.10

அண்ணே, பாதி முன்பணம்னு பேசிட்டேன்.

இன்னொண்ணு. இன்னிக்குக் காலையில 12 கட்லெட் கூடையில எடுத்துக்கிட்டு முத்தியால்பேட்டைக்குப் போய்ட்டு வந்தேன், காசுக்கு இல்ல. பாட்டியம்மா அடுப்படியில அவங்க சட்டியிலயே ஒரு தடவை போட்டு எடுத்துக் குடுத்தேன். ஒண்ணைப் பிட்டாங்க, ரெண்டு பாதியையும் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டுட்டு, "சாஸ் வேண்டாம், புதினாச் சட்னி இருந்தா இன்னும் நல்லாருக்கும்"னாங்க. நான் கிளம்பறப்ப கூடையில ரெண்டு முழம் மல்லிப்பூ வெச்சு அனுப்பினாங்க.

மாஸ்டர், புதினாச் சட்னிக்குப் பொட்டுக்கடலை சேர்க்கலாமா? சேர்த்தா கெட்டியாயிடுது.